காது இரைச்சலுக்கு சீன மூலிகை உருண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க அப்பாவுக்கு காது விஷயமா நடந்தத சொந்தக்காரங்க கிட்ட சொன்னதுல இருந்து ஆளாளுக்கு போன் பண்ணி "அந்த சீன மருந்து நல்லதா, வாங்கலாமா, உனக்கு தெரிஞ்சத சொல்லு"னு கேக்குறாங்க. நான் டாக்டர் இல்ல. அப்பாவுக்காக இந்த மருந்த பத்தி கிடைச்ச ஆராய்ச்சி கட்டுரையெல்லாம் தேடித் தேடி படிச்சவ, அவ்ளோதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி மாளல, அதனால கேட்ட கேள்விகளையே போட்டு பதில் எழுதிட்டேன். வரிசை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

எந்த மருந்தும்மா அது? பேர சரியா சொல்லு.

எர் லோங் சுவோ சி வான். எர் லோங்னா காது கேளாமை, வான்னா உருண்டை. இதையே எர் மிங் சுவோ சி வான்னும் விப்பாங்க, எர் மிங்னா காது இரைச்சல். மலேசியாவுல பெரிய சீன மருந்துக்கடை எதுலயும் கேட்டு பாக்கலாம். ரெண்டு மாதிரி வரும். ஒண்ணு மிளகு மாதிரி சின்ன சின்ன கருப்பு மாத்திரை, பாட்டில்ல 200 இருக்கும், ஒரு வேளைக்கு 8, நாளைக்கு மூணு வேளைனு சொல்லுவாங்க, அப்போ எட்டு நாள்ல பாட்டில் காலி. இன்னொண்ணு தேன்ல பிசைஞ்ச பெரிய உருண்டை, 9 கிராம், கோலிகுண்டு விட பெருசு, கடிச்சா பல்லுல ஒட்டும்.

உள்ள எட்டு சரக்கு. சீன அரசாங்கத்தோட மருந்து நூல்ல அளவே குடுத்திருக்காங்க. வேகவச்சு வேகவச்சு கருப்பாக்குன ரெமேனியா வேர் 160 கிராம், கார்னஸ் பழம் 80, சீன வள்ளிக்கிழங்கு 80, பியோனி வேர்ப்பட்டை 60, பைன் மரத்து வேருல வளர்ற ஃபூ லிங் காளான் 60, சே சியேனு ஒரு நீர்த்தாவரத்தோட கிழங்கு 60, பூப்ளூரம் வேர் 20, அப்புறம் காந்தக்கல் 20. ஆமா, இரும்ப இழுக்குற அதே காந்தக்கல்தான், சுட்டு பொடியாக்கி சேக்குறாங்க.

காந்தக்கல்லா? காதுக்கா?

எனக்கும் முதல்ல தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா சீனாவுல காதுக்கும் காந்தக்கல்லுக்கும் உள்ள உறவு ரொம்ப பழசு. பழைய வைத்திய நூல்கள்ல ஒரு முறை இருக்கு, பயறு அளவு காந்தக்கல்ல பஞ்சுல சுத்தி காதுக்குள்ள வச்சுக்கணும், வாயில ஒரு இரும்புத் துண்ட வச்சுக்கணும், கொஞ்ச நேரத்துல காதுக்குள்ள காத்தும் மழையும் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்டா அடைப்பு திறந்துடுச்சுனு அர்த்தம். காந்தம் இரும்ப இழுக்கிற மாதிரி அடைப்பையும் இழுத்து திறந்துடும்ங்கிற நினைப்பு. அத யோசிச்ச ஆளோட தவிப்பு எனக்கு புரியுது. காது கேக்காம ஒருத்தன் எதிர்ல உக்காந்திருந்தா எதையாவது செஞ்சு பாக்கத்தான் தோணும். தயவுசெஞ்சு யாரும் வீட்ல செஞ்சு பாக்காதீங்க, குறிப்பா பிள்ளைங்க காதுல எதையும் வைக்காதீங்க.

காந்தக்கல்லும் பூப்ளூரமும் போக மிச்ச ஆறு சரக்கும் சேர்ந்தா லியு வெய் டி ஹுவாங் வான்ங்கிற வேற ஒரு பேர்போன மருந்து. சோங் அரச காலத்து குழந்தை வைத்தியர் சியான் யீ பேர்ல, 1119ல வந்த நூல்ல இருக்கு. அதுக்கும் முந்தின ஒரு மருந்துல இருந்து சூடான சரக்கு ரெண்ட எடுத்துட்டு பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தினாரு. ஆக, வளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்களுக்குனு வந்த மருந்து மேல காந்தக்கல்லும் பூப்ளூரமும் சேர்ந்து வயசானவங்க காது மருந்தா ஆயிடுச்சு.

கிட்னி பலமானா காது சரியாகும்னு சீன வைத்தியர் சின்சே சொல்றாரே, அது நெஜமா?

சீன வைத்தியத்துல சிறுநீரகத்தோட வாசல் காதுனு ஒரு கணக்கு, ஹுவாங்டி நெய்ஜிங்ங்கிற ரொம்ப பழைய சீன வைத்திய நூல் காலத்துல இருந்து வர்றது. வயசாக ஆக சிறுநீரகத்தோட சக்தி வத்திப்போகும், அதனால இடுப்பு வலிக்கும், தலை சுத்தும், காதுல சில்வண்டு கத்துற மாதிரி சன்னமா இரைச்சல் வரும், ராத்திரியில கூடும். அதுக்குத்தான் இந்த உருண்டை. அதே இரைச்சல் திடீர்னு பெருசா, கோபத்தோட, கண் சிவந்து வந்தா அது கல்லீரல் சூடு, அதுக்கு வேற மருந்து, அத பத்தி கீழ சொல்றேன் ஏன்னா அதுல ஒரு பெரிய ஆபத்து நடந்திருக்கு.

ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கோங்க, சின்சே சொல்ற சிறுநீரகம் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து பாக்குற கிட்னி இல்ல. அது வளர்ச்சி, எலும்பு, மூப்பு எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய கருத்து. "எனக்கு கிரியாட்டினின் நார்மல், அப்போ காது ஏன் இரையுது"னு அவரு கிட்ட சண்டை போட்டு பிரயோஜனமில்ல. கிட்னிக்கும் காதுக்கும் நவீன மருத்துவத்துலயும் சில தொடர்பு இருக்குறது உண்மைதான். ஜென்டமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் ரெண்டையும் கெடுக்கும். ஆல்போர்ட் சிண்ட்ரோம்னு ஒரு பரம்பரை நோய்ல ரெண்டும் சேர்ந்து போகும். ஆனா அத வச்சு "பாத்தியா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க"னு குதிக்கவும் முடியாது. உருண்டை வேலை செய்யுதாங்கிறது தனி கேள்வி. அத தனியாத்தான் சோதிக்கணும்.

சரி, ஆராய்ச்சி இருக்கா இல்லியா?

இருக்கு. ஆனா எந்த மாதிரி ஆராய்ச்சிங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

முதல்ல ஆய்வுக்கூடம். ஜென்டமைசின் குடுத்து காது கெடுத்த விலங்குகள், வயசாகும்போது சீக்கிரமா காது கேக்காம போற ஒரு எலி வகை, தட்டுல வளர்க்குற காது செல், இதுலயெல்லாம் இந்த மருந்த குடுத்து பாத்திருக்காங்க, கொஞ்சம் பாதுகாப்பு தெரிஞ்சுதுனு எழுதியிருக்காங்க. நல்ல ஆரம்பம், நான் குறை சொல்லல. ஆனா அந்த சோதனை பெரும்பாலும் கெடுறத தடுக்குறத பத்தி. நம்ம கேள்வி ஏற்கனவே கெட்டுப்போனது திரும்புமாங்கிறது. மனுஷனுக்கு ஒவ்வொரு காதுலயும் சத்தத்த பிடிக்கிற முடிசெல் சுமார் 15,000தான், பொறக்கும்போதே வந்தது, செத்தா மறுபடி முளைக்காது. எலிக்கும் அப்படித்தான். கோழிக்கும் மீனுக்கும்தான் முளைக்கும்.

அடுத்து மனுஷங்க. சீனாவுல சோதனைகள் வந்திருக்கு, நான் மொழிபெயர்ப்புலயும் சுருக்கத்துலயும் படிச்சதுல திரும்பத் திரும்ப ஒரே அமைப்பு. நோயாளிகள ரெண்டு கூட்டமா பிரிப்பாங்க, ஒரு கூட்டத்துக்கு வழக்கமான மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு அதே மருந்து கூட உருண்டையும். கடைசியில உருண்டை கூட்டம் நல்லா இருக்குனு முடிவு. இதுல என்ன தப்புனு கேட்டா, ரெண்டாவது கூட்டத்துக்கு "நமக்கு ஏதோ கூடுதலா குடுக்குறாங்க"னு தெரியும். காது இரைச்சல அளக்குறதுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, "எவ்ளோ தொந்தரவா இருக்கு"னு ஆள கேட்டுத்தான் எழுதணும். நம்பிக்கை கூடினா தொந்தரவு குறைஞ்ச மாதிரி சொல்லுவாங்க, பொய் சொல்லல, நெஜமாவே அப்படித்தான் தோணும். அதனாலதான் பாக்குறதுக்கு ஒரே மாதிரி இருக்குற, மருந்தே இல்லாத வெறும் உருண்டைய இன்னொரு கூட்டத்துக்கு குடுக்கணும், குடுக்குறவருக்கும் எது எதுனு தெரியக்கூடாது. பெருசா, அப்படி நடத்தி, வேற ஊர்லயும் திரும்ப செஞ்சு பாத்த சோதனை இந்த உருண்டைக்கு என் கண்ணுல படவே இல்ல.

இன்னொரு வழக்கமும் இருக்கு. முடிவ "மொத்த பலன் விகிதம்"னு போடுவாங்க. முழுசா குணம், ரொம்ப நல்லா ஆச்சு, கொஞ்சம் நல்லா ஆச்சு, மூணையும் கூட்டி ஒரே எண். கேக்கும்போது பெரிய எண்ணா இருக்கும். ஆனா "கொஞ்சம்"ல நூறு பேர், "முழுசா"ல ரெண்டு பேர் இருந்தாலும் அந்த எண் அப்படியே பளபளன்னு நிக்கும்.

நீ சீனாக்காரங்க ஆராய்ச்சின்னாலே நம்ப மாட்டேங்குற மாதிரி இருக்கே?

இல்ல அத்தை, அப்படி இல்ல. எந்த ஊரு ஆராய்ச்சியா இருந்தாலும் கேக்குற அதே கேள்விதான். ஆனா இதுல சீன ஆராய்ச்சியாளர்களே நேர்மையா சோதிச்சு பாத்த ஒரு விஷயம் இருக்கு. 2009ல ஒரு குழு, 1994ல இருந்து 2005 வரைக்கும் சீன பத்திரிகைகள்ல "குலுக்கல் முறையில நோயாளிகள பிரிச்சோம்"னு சொல்லி வந்த கட்டுரைகள எடுத்து, அத எழுதினவங்களுக்கே போன் பண்ணி "எப்படி பிரிச்சீங்க"னு கேட்டாங்க. 2,235 கட்டுரைக்காரங்க கிட்ட பேசினாங்க. அதுல ஒழுங்கா குலுக்கல் முறையில நடந்தது 207தான். மிச்ச பேர்ல நிறைய பேருக்கு குலுக்கல்னா என்னன்னே சரியா புரியல. வந்த வரிசையில ஒண்ணு விட்டு ஒண்ணு பிரிச்சாலும் குலுக்கல்னு எழுதிட்டாங்க. அதுக்கும் முன்னாடி 1998ல வந்த இன்னொரு ஆய்வுல சீனாவுல இருந்து வந்த அக்குபங்சர் சோதனை எல்லாமே வெற்றினுதான் முடிஞ்சிருந்துச்சு, ஒண்ணு கூட தோக்கல. எந்த வைத்தியமும் தோக்காத ஊருனு ஒண்ணு உலகத்துல இருக்க முடியுமா?

இப்போ நிலைமை மாறிட்டு வருது, சோதனைகள முன்கூட்டியே பதிவு பண்றாங்க. ஆனா கடைக்காரர் காட்டுற துண்டுச்சீட்டுல இருக்குறது பெரும்பாலும் பழைய ரகம்.

மலேரியா மருந்தே சீன மூலிகையில இருந்து வந்ததுதானே, நோபல் பரிசெல்லாம் குடுத்தாங்களே?

ரொம்ப நல்ல கேள்வி. தூ யூயூங்கிற சீன விஞ்ஞானிக்கு 2015ல குடுத்தாங்க. ஆனா அவங்க என்ன செஞ்சாங்கனு பாருங்க. பழைய நூல்கள்ல இருந்து குறிப்பு எடுத்தாங்க, எக்கச்சக்கமான சரக்க சோதிச்சாங்க, நிறைய தோத்துச்சு. சிங்ஹாவ்ங்கிற செடி கூட முதல்ல சரியா வேலை செய்யல. பச்சைத்தண்ணியில ஊறவச்சு பிழியணும்னு பழைய குறிப்பு சொன்னத பாத்துட்டு, சூடு பட்டா சத்து போகுதுனு புரிஞ்சு, குறைஞ்ச சூட்டுல ஈதர்ல எடுத்தாங்க. அப்புறம்தான் குணம் தெரிஞ்சுச்சு, மனுஷங்களுக்கு குடுக்குறதுக்கு முன்னாடி அவங்களே சாப்பிட்டு பாத்தாங்க. அந்த மருந்துக்கு மரியாதை வந்தது பழசுங்கிறதால இல்ல, சோதனையில தேறினதால. இந்த காது உருண்டைக்கும் அதே மரியாதைய செய்யுங்கனுதான் நான் கேக்குறேன்.

கிங்கோ மாத்திரை? அதுவும் சீன மரம்தானே, பார்மசியிலயே விக்குறாங்க.

மரம் சீனாதான். ஆனா பழைய சீன வைத்தியத்துல கொட்டையத்தான் இருமலுக்கும் இழுப்புக்கும் அதிகமா குடுத்தாங்க, நம்ம ஊர்ல சீனக் கடைகள்ல இனிப்புக் கஞ்சியில போடுவாங்களே அதே கொட்டை. இலைச்சாறு மாத்திரை ஜெர்மனிக்காரங்க உருவாக்கினது. காது இரைச்சலுக்கு அதுதான் ரொம்ப பேர்போனது.

இதுக்கு மட்டும் நல்ல சோதனை இருக்கு, அத கொஞ்சம் விவரமா சொல்றேன் ஏன்னா நல்ல சோதனை எப்படி இருக்கும்னு இதுலதான் நானே கத்துக்கிட்டேன். இங்கிலாந்துல, 2001ல வெளியானது. காது இரைச்சல் உள்ள 1,121 பேர். தபால்ல மாத்திரை அனுப்பினாங்க, போன்லயும் தபால்லயும் விசாரிச்சாங்க. பாதிப் பேருக்கு கிங்கோ 50 மில்லிகிராம் நாளைக்கு மூணு வேளை, பாதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை, 12 வாரம். யாரு எத சாப்பிடுறாங்கனு யாருக்கும் தெரியாது. வயசு, ஆணா பெண்ணா இதெல்லாம் பாத்து ஜோடி ஜோடியா ஒப்பிட்டாங்க. முடிவு: கடைசியா கணக்குல வந்தவங்கள்ல, கிங்கோ சாப்பிட்ட 360 பேர்ல 34 பேருக்கு தொந்தரவு குறைஞ்சுது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 360 பேர்ல 35 பேருக்கு.

34, 35. அந்த ரெண்டு எண்ணையும் பாத்துட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அப்பாவுக்கு நான் வாங்கி குடுத்த கிங்கோ டப்பா அப்போ மேஜை மேலதான் இருந்துச்சு.

அப்புறம் 2022ல, வந்த சோதனைகளையெல்லாம் சேர்த்து அலசுற காக்ரேன் குழு 12 சோதனைகள, மொத்தம் 1,915 பேர், சேர்த்து பாத்துட்டு, வெறும் மாத்திரைக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் இல்லாம இருக்கலாம், ஆதாரமும் பலவீனம்னு சொல்லிட்டாங்க. அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர்களோட 2014 வழிகாட்டுதல்லயும் இரைச்சலுக்கு கிங்கோ, மெலடோனின், துத்தநாகம் இதெல்லாம் பரிந்துரைக்காதீங்கனு இருக்கு.

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க கிங்கோ பக்கமே போகாதீங்க, ரத்தக்கசிவு வரலாம். கொட்டைய பச்சையா சாப்பிடக்கூடாது, நிறைய சாப்பிட்டா வலிப்பு வரும், பிள்ளைங்களுக்கு இன்னும் ஆபத்து.

எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூணு பாட்டில்லயே சரியாச்சே?

அக்கா பொய் சொல்லல. இரைச்சல் ஏறி இறங்கும். தூக்கம் கெட்டா கூடும், கவலை வந்தா கூடும், கொஞ்ச மாசத்துல மூளையே பழகி கண்டுக்காம விட்டுடும். எப்போ மருந்து வாங்க ஓடுறோம்? தாங்கவே முடியாத வாரத்துல. அதுக்கப்புறம் வர்ற வாரம் எப்படியும் அத விட நல்லாத்தான் இருக்கும், மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும். சரியாகாதவங்க யாரும் பக்கத்து வீட்டுக்கு வந்து "மூணு பாட்டில் குடிச்சேன், ஒண்ணும் ஆகல"னு சொல்றதும் இல்ல. அக்கா நல்லா இருக்குறது சந்தோஷம், அத போய் கெடுக்க வேணாம்.

உங்க அப்பாவுக்கு என்னதான் ஆச்சு?

ஒருநாள் காலையில எந்திரிச்சா இடது காது அடைச்ச மாதிரி இருக்குனு சொன்னாரு, உள்ள ஒரு இரைச்சல். சளியா இருக்கும், அழுக்கா இருக்கும்னு நெனச்சோம். வழக்கமா போற மருந்துக்கடைக்கு போனாரு, அங்க கைபிடிச்சு நாடி பாத்துட்டு வயசு ஆயிடுச்சு, சிறுநீரக சக்தி குறைவுனு சொல்லி இந்த உருண்டைய குடுத்தாங்க, மூணு மாசம் சாப்பிடணும், அவசரப்படக்கூடாதுனு. அப்பாவும் சமத்தா வேளை தவறாம சாப்பிட்டாரு, 8 மாத்திரைய உள்ளங்கையில எண்ணி எண்ணி. அஞ்சாவது வாரத்துல நான் வீட்டுக்கு போனப்போதான் கவனிச்சேன், பேசுறப்போ ஃபோன வலது காதுக்கு மாத்தி மாத்தி வைக்கிறாரு, இடது பக்கத்துல இருந்து கூப்பிட்டா திரும்பி வேற பக்கம் பாக்குறாரு.

ஸ்பெஷலிஸ்ட் கிட்ட கூட்டிட்டு போனோம். டியூனிங் ஃபோர்க்க நெத்தியில வச்சு எந்தப் பக்கம் கேக்குதுனு கேட்டாரு, அப்பா வலதுனு சொன்னதும் டாக்டர் முகம் மாறினது எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. உள்காதுல திடீர்னு வர்ற கேளாமை. மூணு நாளுக்குள்ள, அடுத்தடுத்த மூணு அலைவரிசையில 30 டெசிபலுக்கு மேல கேட்கும் திறன் இறங்கினா அதுக்கு இந்த பேரு. "எப்போ ஆரம்பிச்சது"னு கேட்டாரு. அஞ்சு வாரம்னு சொன்னேன். முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம்னாரு. அப்புறம் செவிப்பறை வழியா உள்ள ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க, அதுக்கு ஆறு வாரம் வரைக்கும் நேரம் உண்டு, நாங்க ஓரத்துல போய் நின்னோம். கொஞ்சம் திரும்புச்சு. சத்தம் கேக்கும், பேச்சு புரியாது.

நியாயமா ஒண்ண சொல்லணும். ஸ்டீராய்டுக்கும் ஆதாரம் மலை மாதிரி இல்ல, 2019 அமெரிக்க வழிகாட்டுதல்லயே ரெண்டு வாரத்துக்குள்ள "குடுக்கலாம்"னுதான் இருக்கு, குடுத்தே ஆகணும்னு இல்ல. மூணுல ஒருத்தருக்காவது தானாவும் திரும்பும். சீக்கிரம் போயிருந்தா அப்பாவுக்கு முழுசா வந்திருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த வாய்ப்பே கைநழுவிப் போச்சு. உருண்டை அப்பாவோட காத கெடுக்கல. அஞ்சு வாரத்த தின்னுடுச்சு.

அப்போ எப்போ நேரா டாக்டர் கிட்ட ஓடணும்?

ஒரு காது திடீர்னு மந்தமானா அன்னைக்கே. அழுக்குனு நீங்களா முடிவு பண்ணாதீங்க, டாக்டர் டார்ச் அடிச்சு பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். இரைச்சல் ஒரு காதுல மட்டும் விடாம இருந்தாலும், நாடித்துடிப்போட சேர்ந்து டப் டப்னு கேட்டாலும், கூடவே தலைசுத்தல், முகம் கோணுறது, சீழ் வந்தாலும் தள்ளிப்போடாதீங்க.

கல்லீரல் சூட்டுக்கு வேற மருந்துனு சொன்னீங்களே, அதுல என்ன ஆபத்து?

லோங் டான் சியே கான் வான். கசப்பான ஜென்ஷன் வேர் முக்கிய சரக்கு. திடீர் இரைச்சல், காது வலி, காது வீக்கம், வாய்க்கசப்பு, கண் சிவப்பு இதுக்கெல்லாம் சீனாவுல வீட்டுக்கு வீடு வாங்கி சாப்பிட்ட மருந்து. அதுல மு டோங்னு ஒரு கொடித்தண்டு சேக்கணும். பழைய நூல்கள்ல மு டோங்ங்கிறது அகீபியா கொடி. ஆனா காலப்போக்குல குவான் மு டோங்னு வேற ஒரு கொடி அதே பேர்ல சந்தைக்கு வந்துடுச்சு, அது அரிஸ்டோலோக்கியா குடும்பம். அதுல இருக்குற அரிஸ்டோலோக்கிக் அமிலம் கிட்னிய சத்தமே இல்லாம சுருக்கிடும், அதோட சிறுநீர்ப் பாதையில புற்றுநோயும் கொண்டுவரும். சீனாவுல இந்த மாத்திரைய வருஷக்கணக்கா சாப்பிட்டவங்க டயாலிசிஸ் வரைக்கும் போனாங்க. 2003ல சீன அரசாங்கம் குவான் மு டோங்க மருந்துல இருந்து நீக்குச்சு.

இதுக்கு பத்து வருஷம் முன்னாடியே எச்சரிக்கை வந்துச்சு. பெல்ஜியத்துல, பிரஸ்ஸல்ஸ்ல உடம்பு இளைக்கிற கிளினிக் ஒண்ணுல சீன மூலிகை குடுத்தாங்க, அதுலயும் இதே மாதிரி பேர் குழப்பத்துல செடி மாறிப்போச்சு. பெண்கள் ஒவ்வொருத்தரா கிட்னி கெட்டுப்போன நிலைமையில வந்தாங்க, நூறு பேருக்கு மேல. 1993ல மருத்துவ பத்திரிகையில வந்துச்சு. அரிஸ்டோலோக்கியா சேர்ந்த மூலிகை மருந்த உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002ல, மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் வகுப்புல வச்சிருக்கு.

இப்போ வர்ற மாத்திரையில செடிய மாத்திட்டாங்க. ஆனா பழைய சரக்கு, யாரோ ஊருக்கு போயிட்டு வாங்கிட்டு வந்தது, லேபிள் இல்லாத பொட்டலம் இதெல்லாம் தொடாதீங்க. இன்னொண்ணு, நம்ம ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா குடும்பம்தான். பாட்டி வைத்தியம்னு உள்ளுக்கு குடிக்கிறவங்க கொஞ்சம் நில்லுங்க.

எர் லோங் உருண்டையிலயும் இந்த ஆபத்து உண்டா?

அந்த எட்டு சரக்குல அரிஸ்டோலோக்கியா கிடையாது. பொதுவா வயிறு உப்புசம், பேதி, பசியில்லாம போறதுதான் வரும், ரெமேனியா வேர் வயித்துக்கு கனம். சக்கரை வியாதி உள்ளவங்க தேன் உருண்டைய வாங்காதீங்க, கிட்டத்தட்ட பாதி தேன். காந்தக்கல்னா இரும்பு, அதனால தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க ரெண்டையும் ஒண்ணா போடாம நாலு மணி நேரமாவது தள்ளி சாப்பிடுங்க, அது எவ்ளோ கரையும்ங்கிற வாதம் இருக்கட்டும், தள்ளி சாப்பிடுறதுல நஷ்டமில்ல. கர்ப்பமா இருக்குறவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் வேணாம்.

டப்பாவுல அரசாங்க நம்பர் இருக்கே, அப்போ சோதிச்சு பாத்துதானே விக்குறாங்க?

இதத்தான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்குறாங்க. மலேசியாவுல மருந்து டப்பாவுல MAL-னு ஆரம்பிச்சு எட்டு எண், கடைசியில ஒரு எழுத்து இருக்கும். அந்த எழுத்து T-யா இருந்தா பாரம்பரிய மருந்துனு அர்த்தம். அப்படி பதிவாகணும்னா தரமும் பாதுகாப்பும் பாப்பாங்க, பாதரசம், ஈயம், ஆர்செனிக், கிருமி, திருட்டுத்தனமா கலந்த ஸ்டீராய்டு இந்த மாதிரி. நோய குணமாக்குதானு நோயாளிகள வச்சு நிரூபிக்க சொல்ல மாட்டாங்க. அதனாலதான் லேபிள்ல "பாரம்பரியமா பயன்படுத்தப்படுறது"னு மலாய்ல போட்டிருக்கும். அந்த வார்த்தைய மெதுவா படிங்க. நம்பர் இல்லாதத விட நம்பர் இருக்குறது ஆயிரம் மடங்கு மேல். ஆனா நம்பர் இருந்தா மருந்து வேலை செய்யும்னு அர்த்தம் இல்ல.

பிள்ளைக்கு காதுல சீழ். புலிக்காது இலைச்சாறு விடலாமாம்?

ஹு எர் சாவ், புலிக்காதுனு பேரு, இலை வட்டமா ரோமமா இருக்கும், சீன கிராமங்கள்ல நடுக்காது சீழுக்கு கசக்கி பிழிஞ்சு விடுவாங்க. சீழ் வருதுனாலே செவிப்பறையில ஓட்டை இருக்கலாம். அந்த ஓட்டை வழியா இலைச்சாறோ எண்ணெயோ தாய்ப்பாலோ எது போனாலும் நடுக்காதுக்குள்ள போகுது. விடாதீங்க. கிளினிக்குக்கு கூட்டிட்டு போங்க.

எல்லாத்தையும் வேணாம்னா இரைச்சலோட என்னதான் பண்றது?

முதல்ல கேட்கும் திறன் சோதனை. நிறைய பேருக்கு இரைச்சலோட சேர்ந்து கேட்கிறதும் குறைஞ்சிருக்கும், வெளிச்சத்தம் குறைய குறைய மூளை உள்ள வால்யூம ஏத்துது, அதுதான் இரைச்சல்னு ஒரு விளக்கம். கேட்கும் கருவி வச்சதும் இரைச்சல் பின்னாடி போனவங்க உண்டு. அடுத்து சி.பி.டி.னு சொல்ற மனப்பயிற்சி, ஒரு சைக்காலஜிஸ்ட் கிட்ட சில வாரம் பேசி பழகுறது. சத்தம் குறையாது, ஆனா அதோட தொந்தரவு குறையும், இருக்குறதுலயே நல்ல ஆதாரம் இதுக்குத்தான். ராத்திரி ரொம்ப அமைதியா படுக்காதீங்க, ஃபேன் சத்தமோ மழை சத்தமோ சன்னமா ஓடட்டும். அப்பாவுக்கு பழைய மேஜை ஃபேன்தான், அது கடகடன்னு ஆடும், அது இல்லாம இப்போ தூக்கமே வராது.

வாங்கி வச்ச பாட்டில் ரெண்டு இருக்கு, தூக்கி போட மனசு வரல. சாப்பிட்டுக்கவா?

இரைச்சல் வருஷக்கணக்கா இருக்கு, டாக்டர் பாத்துட்டாரு, சோதனை எல்லாம் முடிஞ்சுது, வேற பெரிய வியாதி இல்ல, அப்படினா நம்பரும் தேதியும் பாத்துட்டு சாப்பிடுங்க மாமா, நான் தடுக்க மாட்டேன். பாட்டில டாக்டர் கிட்ட காட்டுங்க, மறைக்காதீங்க. ஆரம்பிக்கிற அன்னைக்கு இரைச்சலுக்கு பத்துக்கு எத்தனை மார்க்குனு காலண்டர்ல எழுதுங்க, தினமும் படுக்கப் போகும்போது எழுதுங்க. ரெண்டு பாட்டில் முடிய 16 நாள் ஆகும். மூணாவது பாட்டில் வாங்க போறதுக்கு முன்னாடி காலண்டர அத்தை கிட்ட குடுத்து பாக்க சொல்லுங்க, நீங்களே பாக்காதீங்க.